கம்பி பொது, நீர் வேறு: நுண்பாய்மச் சில்லுகளின் இணைப்பும் புத்தளக் கரையும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்து இறால் பண்ணைகள் காணி உறுதியிலும் அனுமதிப் பத்திரத்திலும் தனித்தனியானவை. தண்ணீரில் அப்படியில்லை. சிலாபம் களப்பையும் முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் ஒல்லாந்தர் கால்வாய் கோத்து வைத்திருக்கிறது. இந்தத் தொழில் பரவிய காலத்தில் பண்ணைகள் பலவும் இந்த ஒரே நீர்த்தொடரிலிருந்துதான் குளத்துக்கு நீர் ஏற்றின. அறுவடை முடிந்ததும் அதே நீர்த்தொடரில்தான் குளத்தைத் திறந்து விட்டன. ஒருவர் கழித்த நீரையே அடுத்தவர் ஏற்றினார். 1980களின் இறுதியில் மொனோடன் பக்குலோவைரஸ் வந்தபோதே இந்த ஏற்பாட்டின் ஆபத்து வெளிப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்ததும் தொழில் குப்புற விழுந்தது. அறிகுறி தெரிந்த குளத்தில் மூன்று முதல் பத்து நாட்களுக்குள் கிட்டத்தட்ட எல்லா இறாலும் மடிந்துவிடும். உரிமையாளர் விஷயத்தை உணர்வதற்குள் அந்தக் குளத்து நீர் கால்வாயில் கலந்திருக்கும். 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, 'நக்டா', பிற்பாடு பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று ஒரு நாட்காட்டி வகுத்தது. கால்வாயைப் பிரிக்க முடியாத இடத்தில் காலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று அதைச் சொல்லலாம்.

இந்த வரலாற்றை நான் முன்வைப்பது இறால் தொழிலைப் பற்றி எழுதுவதற்காக மட்டுமன்று. தலைமயிர் அளவே அகலமுள்ள வாய்க்கால்களைக் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ செதுக்கி, ஒரு துளியை அதற்குள் ஓடவிட்டுச் சோதனை நடத்தும் நுண்பாய்மச் சில்லுகள் இன்று உலகெங்கும் தயாராகின்றன. ஒரு சில்லு மாதிரியைச் சுத்திகரிக்கும், இன்னொன்று மரபணுவைப் பெருக்கும், மூன்றாவது அளக்கும். இவற்றைத் தனித்தனிக் கூறுகளாகச் செய்து, ஒரே பொதுத் தளத்தில் செருகி, மின்சாரத்தையும் பாய்மத்தையும் அந்தத் தளத்தின் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்பினால், தேவைக்கேற்பக் கருவியைக் கூட்டலாம், குறைக்கலாம், பழுதான கூறை மட்டும் மாற்றலாம் என்பது இத்துறையில் இருபது ஆண்டுகளாக எழும் கோரிக்கை. அதை முழுதாக ஏற்பதற்கு முன் எந்த இணைப்பைப் பொதுவாக்குகிறோம் என்று கேட்க வேண்டும். மின் இணைப்பைத் தாராளமாகப் பொதுவாக்கலாம். பாய்ம இணைப்பைக் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு முறை மட்டும் பயன்படுத்திவிட்டு வீச வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கால்வாய்க்கரைப் பண்ணைகள் பெரும் நட்டத்தில் கற்றுக்கொண்டதும், சில்லுக்குள் இருக்கும் பௌதிகம் சொல்வதும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

முதலில் துறையின் போக்கு. 1979இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டெரியும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சிலிக்கன் வட்டில் வாயு நிறப்பிரிகைக் கருவி ஒன்றைச் செதுக்கினார்கள். 1990இல் பாசெல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் இருந்த ஆன்ட்ரியாஸ் மான்ஸ், ஓர் இரசாயன ஆய்வுகூடத்தின் எல்லாப் படிகளையும் சிறு தகட்டில் அடக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1998 அளவில் ஹார்வர்டில் ஜோர்ஜ் வைட்சைட்ஸின் குழு சிலிக்கோன் இரப்பரை வார்த்து மலிவாகச் சில்லு செய்யும் வழியைப் பரப்பியது. 2000இல் ஸ்டீபன் குவேக்கின் குழு அதே இரப்பரில் காற்றழுத்தத்தால் மூடித் திறக்கும் வால்வுகளைக் காட்டியது. அதன் பிறகு சில்லுகள் பெருகின. ஆனால் சில்லு கையளவு என்றால் அதை இயக்கும் பம்பும் குழாயும் மின்வழங்கியும் நுணுக்குக்காட்டியும் ஒரு மேசையை நிறைத்தன. ஆய்வுகூடத்தைச் சில்லுக்குள் அடக்கப் புறப்பட்டவர்கள் சில்லையே ஆய்வுகூடத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற கேலி துறைக்குள்ளேயே உண்டு. அந்தக் கேலி நியாயமானது.

கூறு கூறாகச் சேர்க்கும் யோசனை இந்தச் சங்கடத்திலிருந்துதான் பிறந்தது. மின்னணுவியல் மாணவர்கள் துளைப்பலகையில் பாகங்களைச் செருகிச் சுற்றமைப்பதைப் போல, பாய்மத்துக்கும் ஒரு பொதுப் பலகை வேண்டும் என்று 2005இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒட்டிச் சேர்க்கும் இரப்பர்க் கட்டிகளைக் கொண்டுவந்தார்கள். 2014இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் எடுத்த கனசதுரக் கூறுகள் வந்தன. 2018இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டிகளிலேயே வாய்க்கால் வெட்டிக் காட்டினார்கள். அந்தக் கட்டிகள் மிக நுட்பமான அளவில் வார்க்கப்படுவதால் வாய்க்கால் வாய்கள் நேருக்கு நேர் பொருந்தின. அதே ஆண்டு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு, சில்லுகளைப் பாய்மப் பலகையில் பதித்து மின்னணுப் பலகையோடு சேர்க்கும் முறையை வெளியிட்டது. நம் தலைப்புக்கு மிக அண்மையான முயற்சி இதுதான். வாய்களின் இடைவெளி, சில்லின் அளவு, இணைப்பு வகை ஆகியவற்றில் உடன்பாடு காணச் சர்வதேச நியமங்கள் அமைப்பு 2016இல் ஒரு பட்டறை உடன்படிக்கையை வெளியிட்டு, 2022இல் ஐஎஸ்ஓ 22916 என்ற நியமத்தைக் கொண்டுவந்தது. ஆக, கூறுகளைச் செருகிக் காட்டும் திறமை உலகில் இருக்கிறது. எது இன்னும் பரவவில்லை என்றால், செருகிய கூறுகளோடு ஆய்வுகூடத்துக்கு வெளியே நாள்தோறும் உழைக்கும் கருவிதான்.

காரணம், மின்னணுவியலிலிருந்து எடுத்த ஒப்புமை பாதித் தூரம்தான் வருகிறது. கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் நேற்று அதே கம்பியில் எது ஓடியது என்று அறியாது. பாய்மம் அப்படியில்லை, முந்தையதன் மிச்சம் மூலையில் தங்கி அடுத்ததோடு கலக்கும். அளவுகளைப் பார்த்தால் இது விளங்கும். நூறு மைக்ரோமீற்றர் அகலமும் அதே ஆழமும் ஒரு சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட வாய்க்காலின் மொத்தக் கொள்ளளவு 0.1 மைக்ரோலீற்றர். இரண்டு சில்லுகளை இணைக்க அரை மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பத்து சென்ரிமீற்றர்க் குழாயைப் போட்டால் அதற்குள் ஏறத்தாழ 20 மைக்ரோலீற்றர் நிற்கும். இணைப்பு, இணைக்கப்படும் பொருளைவிட இருநூறு மடங்கு பெரிதாகிவிடுகிறது. குழாயைக் குறுக்கினால் இன்னொரு தொல்லை: பாய்மத்தின் தடை ஆரையின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக மாறுவதால், ஆரையைப் பாதியாக்கினால் தடை பதினாறு மடங்காகும். வாய்கள் சற்றே விலகிப் பொருந்தினாலும் அந்த இடத்தில் ஒரு காற்றுக்குமிழி தங்கும். ஐம்பது மைக்ரோமீற்றர் ஆரையுள்ள வழியில் சிக்கிய குமிழியைத் தள்ள ஏறத்தாழ 2,900 பஸ்கால் அழுத்தம், அதாவது முப்பது சென்ரிமீற்றர் உயர நீர்நிரல் தரும் அழுத்தம் தேவைப்படலாம். ஒவ்வொரு புதிய இணைப்பும் ஒரு குமிழிக்குத் தங்குமிடம் தருகிறது. ஐந்து கூறுகளைக் கோத்தால் நான்கு இடைமூட்டுகள்; இரு முனைகளையும் சேர்த்தால் ஆறு.

மின்சாரமும் பாய்மமும் ஒரே தளத்தில் வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு, ஆனால் உவர்நீர்க் கரையில் இதுதான் முதலில் வந்து நிற்கும். உவர்நீரே ஒரு கம்பி. கடல்நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு ஏறத்தாழ 5 சீமென்ஸ். மேலே சொன்ன நூறு மைக்ரோமீற்றர் வாய்க்கால் ஒரு சென்ரிமீற்றருக்குக் கடல்நீரால் நிறைந்திருந்தால் அதன் மின்தடை சுமார் இரண்டு இலட்சம் ஓம். பிஎச் அளக்கும் கண்ணாடி மின்வாயின் உட்தடை பல கோடி ஓம். அதன் பக்கத்தில் இரண்டு இலட்சம் ஓம் வெறும் கம்பிதான். ஆகவே பிஎச் உணரியுள்ள சில்லையும் மின்னோட்டம் செலுத்தி ஒட்சிசன் அளக்கும் சில்லையும் ஒரே நீரால் இணைத்தால், பொதுத் தளத்தில் எவ்வளவு கவனமாக மின்வழிகளைப் பிரித்திருந்தாலும் அவை நீருக்குள்ளே சேர்ந்துவிடுகின்றன. பிஎச் ஓர் அலகு மாறினால் 25 பாகை செல்சியஸில் வரும் வித்தியாசம் 59 மில்லிவோல்ற்றுதான். ஆறு மில்லிவோல்ற் கசிந்தாலே 0.1 அலகு தவறும். மின்வாய்களுக்கிடையே 1.23 வோல்ற்றுக்கு மேல் போனால் நீர் பிளந்து வாயுக் குமிழி உண்டாகக்கூடும். அந்தக் குமிழி வாய்க்காலை அடைக்கும், அடைத்த குமிழி மின்வழியையும் துண்டிக்கும். மின் பிழை பாய்மப் பிழையாகி, பாய்மப் பிழை மீண்டும் மின் பிழையாகும் வட்டம் இது. வறட்சிக் காலத்தில் புத்தளம் களப்பின் உட்பகுதி கடலைவிட உவர்ப்பாகிறது; உப்பளங்கள் அங்கே நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நீரில் ஒரு துளி மூட்டிலிருந்து கசிந்து உலர்ந்தால் உப்புப் படிகம் மிஞ்சும். பக்கத்தில் இருக்கும் செருகுமுனை தங்கமுலாம் பூசியதாக இருந்தாலும் முலாமின் நுண்துளைகள் வழியே குளோரைட்டு அடியிலுள்ள உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மரபணுவைப் பெருக்கும் சோதனைகளுக்குச் சூடு தேவை. ஒரே வெப்பநிலையில் நடக்கும் லாம்ப் முறைக்குக்கூட 60 முதல் 65 பாகை வேண்டும். அக்ரிலிக் சில்லு ஒரு பாகைக்கு மில்லியனில் எழுபது பங்கு விரிகிறது. மின்சுற்றுப் பலகை சுமார் பதினைந்து பங்குதான். ஐம்பது மில்லிமீற்றர் நீளமுள்ள இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்து 40 பாகை ஏற்றினால் நீள வேறுபாடு 110 மைக்ரோமீற்றர், அதாவது வாய்க்காலின் முழு அகலத்தையும் தாண்டிய விலகல். மின் தொடுப்புக்கு இது பொருட்டல்ல. சுருள்வில் ஊசி ஒன்று ஒரு மில்லிமீற்றர் அகலத் தகட்டின் எங்காவது தொட்டால் போதும். பாய்ம வாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் நல்ல பொறியியல் சமாளித்துவிடும் என்று ஒருவர் சொல்லலாம். பெருமளவுக்கு அது உண்மையும்கூட. இரப்பர் வளையங்களும் அழுத்தத் தட்டுகளும் குமிழிப் பொறிகளும் இருக்கின்றன. சமாளிக்க முடியாதது வேறொன்று. மரபணுவைப் பெருக்கும் பிசிஆர் வினை முடிந்த கலவையில் இலக்கு மரபணுத் துண்டின் பிரதிகள் இலட்சம் கோடி அளவுக்கு இருக்கக்கூடும். 25 மைக்ரோலீற்றரில் இலட்சம் கோடி என்றால் ஒரு நனோலீற்றரில் நான்கு கோடி. மூட்டின் மூலையில் தங்கும் ஒரு நனோலீற்றர் அடுத்த பண்ணையின் மாதிரியில் கலந்தால், வைரஸ் இல்லாத குஞ்சிலும் வைரஸ் 'இருக்கும்'. பத்துப் பதினைந்து பிரதிகளையே கண்டுபிடிக்கும் சோதனைக்கு நான்கு கோடி என்பது வெள்ளம். கழுவிக் குறைக்கலாம், ஒவ்வொரு கழுவலும் மிச்சத்தை நூறிலொரு பங்காக்கினால் நான்கு முறை போதும் என்று கணக்கு சொல்லும், ஆனால் மூலை முடுக்கில் ஒட்டியதும் பிளாஸ்டிக் உறிஞ்சியதும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. தவறாக 'உண்டு' என்று வந்தால் ஒரு குஞ்சு பொரிப்பகத்தின் முழுத் தொகுதியும் அழியும். அத்தகைய இரண்டு மூன்று சம்பவங்களுக்குப் பிறகு கருவி சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

சந்தையில் நிலைத்த கருவிகளைப் பார்த்தால் அவை இந்தப் பாடத்தைச் சத்தமில்லாமல் பின்பற்றியிருப்பது தெரியும். 1990களின் தொடக்கத்தில் வந்த ஐ-ஸ்டாட் இரத்தச் சோதனைக் கருவியில் இரத்தமும் அளவுதிருத்தத் திரவமும் கழிவும் ஒரே உறைக்குள் அடங்கும். கருவிக்கும் உறைக்கும் இடையே நிகழ்வது மின் தொடுப்பும் வெளியிலிருந்து தரும் அழுத்தமும்தான். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் காசநோய்க்குப் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பேர்ட்டிலும் அதே கதை: தள்ளுகோலின் அசைவு, வால்வின் திருப்பம், வெப்பம், ஒளி இவை உறையின் எல்லையைக் கடக்கும்; மாதிரி கடப்பதில்லை. அந்தக் கருவியும் கூறுகளால் ஆனதே. நான்கு, பதினாறு என்று கூறுகளை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். ஆனால் அந்தக் கூறுகளுக்கிடையே பாய்மத் தொடர்பு எதுவும் இல்லை, கம்பித் தொடர்பு மட்டும்தான். பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, கோவாவின் மோல்பியோ நிறுவனம் தயாரிக்கும் ட்ரூநாட் வேறொரு தீர்வைக் கண்டது. அதில் மாதிரியைச் சுத்திகரிக்கும் பெட்டி ஒன்று, மரபணுவைப் பெருக்கும் சில்லுப் பெட்டி ஒன்று. இரண்டுக்கும் நடுவே சில மைக்ரோலீற்றரைக் கொண்டு செல்வது ஊழியர் கையிலிருக்கும் பிப்பெற்று. வீசியெறியும் பிப்பெற்று முனைதான் அங்கே பாய்ம மூட்டு. கேட்பதற்கு இது தோல்வியை ஒப்புக்கொள்வது போலிருக்கும். எனக்கு அது துறையின் மிக நேர்மையான வடிவமைப்பு முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதையும் காசநோய்க்குப் பரிந்துரைத்தது. கொரோனாக் காலத்தில் இந்தியாவின் சிற்றூர்கள் வரை அது போய்ச் சேர்ந்தது.

புத்தளக் கரைக்கு இதைப் பொருத்தும்போது இரு வகைத் தேவைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பொரிப்பகத்திலிருந்து வெளியேறும் குஞ்சுகளைச் சோதிப்பது. மற்றது, குளத்தில் வளரும் இறால் மெலிந்து கரையொதுங்கும்போது சில மணி நேரத்துக்குள் விடை காண்பது. முதலாவதில் சில்லின் சிறுமையே எதிரியாகிறது. நூற்றுக்கு இரண்டு குஞ்சில் தொற்று இருந்தால் 95 சதவீத நம்பிக்கையோடு அதைப் பிடிக்க, பெரிய தொகுதியொன்றிலிருந்து ஏறத்தாழ 150 குஞ்சுகளை எடுக்க வேண்டும். அவற்றை அரைத்தால் மில்லிலீற்றர்க் கணக்கில் கரைசல் வரும். அந்த ஒரு மில்லிலீற்றரில் 500 வைரஸ் பிரதிகள் இருந்து, அதில் ஒரு மைக்ரோலீற்றரை மட்டும் சில்லுக்குள் விட்டால், அந்தத் துளியில் ஒரு பிரதிகூட இல்லாமல் போகும் வாய்ப்பு அறுபது சதவீதம். அதனால் பெரிய கனவளவிலிருந்து மரபணுவைப் பிடித்துச் சிறிய கனவளவுக்குச் சுருக்கும் முன்படி இன்றியமையாதது. 1990இல் ரெனே பூம் விவரித்த சிலிக்காவில் ஒட்டவைத்துக் கழுவும் முறை இன்றும் அதற்கு உதவுகிறது. இறாலின் கூட்டுக்கண் பிசிஆர் வினையைத் தடுக்கும் என்பதால் பெரிய இறாலில் செவுளையோ நீந்துகால்களையோ எடுக்க வேண்டும் என்பதும் இந்த முன்படியைச் சேர்ந்த விவரம். இத்தகைய வேலையைச் சில்லில் கோப்பதைவிட மேசையில் செய்வதே மேல். குஞ்சுச் சோதனைக்கு ஆய்வுகூட பிசிஆர் இருக்கிறது, அது இருக்கட்டும்.

குளத்துக் கரையில்தான் சில்லு தன் இடத்தைப் பிடிக்கும். அங்கே நோயுற்ற ஓர் இறாலில் வைரஸ் ஏராளமாக இருக்கும். கனவளவு சிறியதானாலும் தப்பாது. வெண்புள்ளி வைரஸை லாம்ப் முறையில் கண்டறியும் வழி 2004இலேயே ஜப்பானிய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. கரையில் இப்போது ஒரு நோய் மட்டும் கவலை தருவதில்லை. ஈரல்கணையத்தைத் திடீரென அழிக்கும் நோய்க்குக் காரணமான பக்றீரியாவை 2013இல் அடையாளம் கண்டார்கள். வளர்ச்சியைக் குன்றச் செய்யும் ஈஎச்பி என்னும் நுண்ணொட்டுண்ணி 2009இல் பெயர் பெற்றது. கரும்புலி இறாலோடு வெள்ளைக்கால் இறாலும் இலங்கைக் குளங்களுக்கு வந்தபின் சோதிக்க வேண்டிய பட்டியல் நீளுகிறது. கூறுமுறைக்கான உண்மையான நியாயம் இங்கே இருக்கிறது: கருவியை மாற்றாமல் சோதனையை மாற்ற வேண்டும். அதற்குக் கூறுகளுக்கிடையே நீர் ஓட வேண்டிய கட்டாயமில்லை. சூடேற்றி, ஒளி பாய்ச்சி, அளந்து, பதிவு செய்யும் ஒரு பொதுத் தளம். அதில் நோய்க்கு ஒன்றாகச் செருகும், முத்திரையிட்ட, ஒருமுறைச் சில்லுகள். மாதிரியும் வினைபொருளும் சில்லுக்குள் ஒரு முறை நுழையும், பின்பு வெளிவராது. இறால் திசுவின் கரைசலைச் சில்லின் வாயில் ஊற்றும் அந்த ஒற்றை மூட்டு தவிர, மற்றவை எல்லாம் தொடுப்பு ஊசிகளும் வெப்பத் தகடும் ஒளித்துளையும்.

நீரின் தரத்தை அளக்கும் சில்லுகளுக்கு இந்த விதி தளரும். தளர்த்தாவிட்டால் வாதம் பிடிவாதமாகிவிடும். பிஎச், உவர்த்தன்மை, அமோனியா, நைத்திரைற்று ஆகியவற்றை அதே குளத்தில் நாள் முழுதும் தொடர்ந்து அளக்கும்போது நேற்றைய மிச்சம் இன்றைய நீரில் சிறிது கலப்பது பேராபத்தில்லை. பெருக்கம் நடக்காத இடத்தில் மிச்சமும் பெருகாது. அமோனியாவில் நஞ்சாகும் பங்கு பிஎச்சும் வெப்பமும் ஏற ஏறக் கூடுவதால், இவற்றைச் சேர்த்து அளப்பது பயனுள்ளதும்கூட. அங்கே கழற்றி மாட்டும் பாய்ம மூட்டும் பொது நீர்ப் பலகையும் பொருந்தும். ஆனால் முன்பு சொன்ன நீர்வழி மின்கசிவை மறக்கக் கூடாது. உணரிகளை ஒரே நேரத்தில் இயக்காமல் முறை வைத்து இயக்குவதும், சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு காற்று இடைவெளியை விடுவதும் அதற்கு எளிய வழிகள். காற்றுக் குமிழி என்னும் எதிரியே அந்த இடத்தில் மின்காப்பாகிறது.

இனி மறுப்புகள். பாய்ம மூட்டை நீக்கிவிட்டால் அது கூறுமுறையே அல்ல, பழைய உறை முறைதான் என்று ட்வென்டே வழியில் யோசிப்பவர்கள் சொல்வார்கள். ஆய்வுகூடத்துக்குள் அவர்கள் சொல்வது சரி. புதிய சோதனையை வடிவமைக்கும் ஆராய்ச்சி மாணவர் கலப்பான், வால்வு, வெப்ப அறை என்று பத்து விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய சில்லு வார்க்கக் காலமும் இல்லை பணமும் இல்லை. வயம்ப பல்கலைக்கழகத்திலோ கொழும்பிலோ ஒரு குழு இதில் இறங்கினால் பாய்மப் பலகையோடுதான் தொடங்க வேண்டும். ஆனால் வடிவமைப்பு முடிந்ததும் அதே கூறுகளை ஒரே பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டி முத்திரையிட வேண்டும். வடிவமைக்கும் கட்டத்தின் வசதியைப் பயன்படுத்தும் கட்டத்துக்கும் கொண்டு போவதுதான் இத்துறையின் பழைய தவறு என்பது என் கணிப்பு.

இரண்டாவது மறுப்பு வலுவானது. மூடிய உறை என்றால் ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்குவோம். கருவியை மலிவாகத் தந்து உறையை விலைக்கு விற்பது தெரிந்த வியாபாரம். உண்மைதான், இதனால்தான் கம்பி பொது என்பதை இவ்வளவு அழுத்துகிறேன். ஊசிகளின் இடம், வோல்ற்றளவு, வெப்பத் தகட்டின் பரப்பு, ஒளித்துளையின் நிலை, சில்லுக்குள் இருக்கும் நினைவகத்தில் தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் எழுதப்படும் முறை ஆகியவை திறந்த நியமமாக இருந்தால், உள்ளே எந்த வாய்க்கால் எப்படி வளைகிறது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். 1951இல் ஹங்கேரியில் ஜூலா தகாட்சி செதுக்கிய குழித்தட்டின் வெளி அளவு பிற்பாடு 127.76 க்கு 85.48 மில்லிமீற்றர் என்று நியமமானதும், உலகின் எந்தத் தட்டும் எந்தக் கருவிக்குள்ளும் போனது. தட்டுகளுக்கிடையே நீரிணைப்பு எதையும் அந்த நியமம் கேட்கவில்லை. ஐஎஸ்ஓ 22916 பாய்ம வாய்களில் காட்டும் அக்கறையை வெப்ப, ஒளி, மின் முகத்துக்கும் யாராவது காட்டினால் விலைப் போட்டிக்கு வழி பிறக்கும்.

குப்பையைப் பற்றிய கேள்வியும் நியாயம். ஒருமுறைச் சில்லுகள் பிளாஸ்டிக். களப்போரக் கண்டல்களில் ஏற்கெனவே சிக்கிக் கிடப்பவற்றோடு இவையும் சேரலாம். ஒரு சோதனைக்கு ஒரு சில கிராம் என்பது வலைத்துண்டுகளோடும் தீவனச் சாக்குகளோடும் ஒப்பிடச் சிறிதுதான் என்றாலும், தொற்றுள்ள திசு அடைத்த சில்லைக் கால்வாயில் எறிவது பிளாஸ்டிக் பிரச்சினையைவிடப் பெரியது. திரும்பச் சேகரித்து எரிக்கும் ஏற்பாடு இல்லாமல் சில்லைக் கரைக்கு அனுப்பவே கூடாது.

நாட்காட்டியும் குஞ்சுச் சோதனையும் நீர் ஏற்றிக் கழிப்பதைக் குறைத்ததும் செய்த நன்மையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எந்தச் சில்லும் செய்யாது என்று ஒரு பண்ணையாளர் சொன்னால் அவரோடு வாதிட என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. நோய் கண்ட குளத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது; விடை சீக்கிரம் வருவதால் கிடைப்பது ஒன்றே ஒன்று, மடையைத் திறக்காமல் குளோரின் இட்டு நீரை அடக்கி வைக்கும் வாய்ப்பு. அந்த வாய்ப்பின் பலன் சோதித்தவருக்கு அல்ல, கால்வாயில் அடுத்திருப்பவருக்குப் போகிறது. தன் செலவில் சில்லு வாங்கித் தன் குளத்தின் கேட்டை அறிவித்து அயலாரைக் காப்பாற்றும்படி ஒருவரிடம் கேட்கிறோம். பாதி வளர்ந்த இறாலை அவசரமாக அறுத்து விற்றுவிட்டு மடையைத் திறப்பது அவருக்கு இலாபம். ஆகவே தளத்தையும் சில்லையும் தனிப்பட்ட பண்ணைக்கு விற்கும் திட்டம் இந்தக் கரையில் நிற்காது. வலயத்துக்கு ஒரு தளம், சங்கத்தின் பொறுப்பில். சில்லின் செலவு வலயம் முழுவதற்கும் பகிரப்பட வேண்டும். முடிவு கம்பி வழியே அதிகார சபைக்கும் அயல் பண்ணைகளுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். நோயை அறிவித்து நீரை அடக்கியவருக்கு நட்டத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும். கற்பிட்டியில், நீர்வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமான நாராவின் பிராந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. களப்பின் மாரிகால நீரிலும் கோடைகால நீரிலும் தொடுப்பு ஊசிகளை மாதக் கணக்கில் வைத்து அரிப்பை அளப்பதும், முத்திரையிட்ட சில்லை வெயிலில் போட்டுக் கசிகிறதா என்று பார்ப்பதும் அங்கே பெரிய முதலீடு இல்லாமல் தொடங்கக்கூடிய வேலைகள்.